மீட்டர் யார் பக்கம் ஓடுது?

கரண்டு பில்லுக்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். பஞ்சமி நிலம் மீட்கப்படாமல் கிடக்கிறது, வன்கொடுமை வழக்குகள் நீதிமன்றங்களில் தூங்குகின்றன, இந்த நேரத்தில் மீட்டர் பெட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் சேரிக்குள் நேராக நடந்து வந்து, வாசல் வாசலாக நின்று, ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறது. வேறு எந்தத் துறையும் இத்தனை ஒழுங்காக நம்மைத் தேடி வருவதில்லை. ரோடு போட வராதவர்கள், சாக்கடை வாற வராதவர்கள், பட்டா அளக்க வராதவர்கள், இதற்கு மட்டும் தவறாமல் வருகிறார்கள். வந்து எழுதிவிட்டுப் போகிற அந்த எண் சரியா தப்பா என்று கேட்க நமக்குத் தெரியுமா? கேட்டால் என்ன நடக்கும்? இந்த இதழின் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததையே சொல்கிறேன். காலனியில் தொகுப்பு வீடு. பெரியப்பா இறந்து வருஷங்கள் ஆகியும் மின் இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான். வீட்டில் இரண்டு எல்.இ.டி. பல்பு, ஒரு மின்விசிறி, 2006-க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த டி.வி., 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர். அவ்வளவுதான் சொத்து. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை எல்லா வீடுகளுக்கும் கட்டணமில்லை என்று ஆனதிலிருந்து பெரியம்மா கரண்டு ஆபீஸ் பக்கம் போனதே இல்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. அவர் பில் எப்போதும் பூஜ்யம்.

2023 ஏப்ரலில், பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில், ஒருநாள் காலையில் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேத்தி பரீட்சை எழுதப் போயிருந்தாள். பெரியம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. 7,496 ரூபாய் பாக்கியாம். குறுஞ்செய்தி அனுப்பியாகிவிட்டதாம். யாருக்கு? திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் எப்போதோ தலைமுழுகிவிட்ட ஒரு பழைய நம்பருக்கு. முன்பெல்லாம் வெள்ளை அட்டையில் ரீடிங்கை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார்கள். படிக்கத் தெரியாதவர்களும் அந்த அட்டையைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டி, 'எவ்ளோ போட்டுருக்கான் பாரு' என்று கேட்டுவிடலாம். எங்கள் பக்கம் அட்டையில் எழுதுவது நின்றுபோயிற்று. எல்லாம் போனுக்கு வருமாம். போன் யாரிடம் இருக்கிறது, அந்த நம்பர் உயிரோடு இருக்கிறதா என்பது யார் கவலை?

நானும் பெரியம்மாவும் ஆபீசுக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஆயிரத்து எம்பத்தாறு யூனிட் ஓடிருக்குதும்மா. வீட்ல ஏசி இருக்கா?"

"ஏசின்னா?" என்றார் பெரியம்மா.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் காலனிலதாங்க மொதல்ல ஏசி மாட்டறாங்க. அவங்களுக்குத்தான் எல்லாம் ஃப்ரீயாச்சே."

வரிசையே சிரித்தது. கவுன்டரில் இருந்தவர் சிரிக்கவில்லை. அதே சமயம் மறுக்கவும் இல்லை. "மிஷின் பொய் சொல்லாதும்மா" என்றார்.

மிஷின் பொய் சொல்லவில்லை, உண்மைதான். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தேன். முந்தைய ரீடிங் 4,862. பில்லில் இப்போதைய ரீடிங் 5,948. ஆனால் சுவரில் இருக்கிற மீட்டர் 4,957 என்று காட்டியது. ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆகப்போகிற நிலையில், அன்றைக்குக் கரண்டு துண்டிக்கப்படும் வரை ஓடியும் அது ஐயாயிரத்தைத் தொடவில்லை. 4,948 என்று பதிய வேண்டியதை 5,948 என்று பதிந்திருக்கிறார்கள். ஒரே ஒரு இலக்கம். நாலுக்குப் பதில் ஐந்து.

இதை எவரும் மீட்டரைப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்கலாம். 75 வாட் மின்விசிறி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சுற்றினால் முக்கால் யூனிட். அறுபது நாளைக்கு 45. டி.வி.க்கு ஒரு பதினெட்டு, பல்புக்கு ஏழு, மிக்சி கிரைண்டருக்கு ஏழு எட்டு. கூட்டிக் கழித்தால் எண்பதுக்குப் பக்கத்தில் வரும். 1,086 யூனிட் ஓட வேண்டும் என்றால் அந்தச் சின்ன வீட்டில் பத்து மின்விசிறிகள் இரவு பகலாக, இரண்டு மாதம், ஒரு நிமிஷம் நிற்காமல் சுற்றியிருக்க வேண்டும். வருஷக்கணக்காக நூறைத் தாண்டாத ஒரு வீடு திடீரென்று ஆயிரத்தைத் தாண்டினால், மீட்டர் வைத்திருப்பவனை விடப் பில் போடுகிறவனுக்குத்தானே முதலில் சந்தேகம் வர வேண்டும்? வரவில்லை. காலனிக்காரி ஏசி வைத்திருப்பாள் என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. தங்கள் கணக்கில் ஒரு இலக்கம் பிசகியிருக்கும் என்று நம்புவது கடினமாக இருக்கிறது. சாதி வசவோடுதான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கவுன்டரில் அது சந்தேகத்தின் திசையாக வருகிறது.

மறுநாள் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். இப்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, பஞ்ச் பண்றப்ப மிஸ்டேக் ஆயிருக்கும். இப்போதைக்குக் கட்டிடுங்க. அடுத்தடுத்த ரீடிங்ல யூனிட்ட அட்ஜஸ்ட் பண்ணிடுவோம்" என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெரியம்மாவே தலையாட்டத் தயாராகிவிட்டார். கம்மலை அடகு வைத்தால் ஏழாயிரம் தேறும் என்று என் காதில் சொன்னார்.

தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'யூனிட்டில் அட்ஜஸ்ட்' என்றால் என்ன? கூடுதலாக எழுதிய ஆயிரம் யூனிட்டை மீட்டர் ஓடித் தீர்க்கிற வரைக்கும் புதிய பில் வராது என்று அர்த்தம். பெரியம்மா வீட்டில் ஆயிரம் யூனிட் ஓட ஏறக்குறைய பன்னிரண்டு பில், அதாவது இரண்டு வருஷம் ஆகும். அந்தப் பன்னிரண்டு பில்லும் எப்படியும் பூஜ்யம்தானே? நூறு யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு 'இந்தத் தடவை கட்ட வேண்டாம்' என்று சலுகை கொடுப்பதில் என்ன இருக்கிறது? ஆக, 7,496 ரூபாய் போனது போனதுதான். ஒரு பைசா திரும்பாது. காகிதத்தில் கணக்கு நேராகிவிடும், கம்மல் மட்டும் அடகுக் கடையில் இருக்கும். தெரிந்து சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. இப்படி எத்தனை வீடுகளில் 'அட்ஜஸ்ட்' ஆகியிருக்கும் என்பதுதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

'பில்லை ரத்து செய்து சரியான ரீடிங்கில் புதுப் பில் போடுங்கள்' என்று மனு எழுதினோம். வாங்க மறுத்தார்கள். "மொதல்ல பணத்தக் கட்டிட்டு அப்பறம் பெட்டிஷன் குடுங்க." எல்லா ஆபீஸ்களிலும் கேட்கிற வசனம்தான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவைச் சட்டக் கல்லூரித் தம்பி ஒருவன் நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பணம் கட்டத் தவறினால் துண்டிக்கலாம். ஆனால் எழுத்து மூலமாகப் பதினைந்து முழு நாட்கள் அவகாசம் கொடுத்து அறிவிக்க வேண்டும். பில்லில் தகராறு இருந்தால், ஆட்சேபத்தோடு இரண்டில் ஒரு தொகையைக் கட்டினால் போதும்: கேட்கப்பட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதத்தில் கட்டிய கட்டணத்தின் சராசரி. இரண்டில் எது குறைவோ அது. கட்டிவிட்டால் தகராறு தீரும்வரை கரண்டை வெட்டக்கூடாது.

பெரியம்மாவின் ஆறு மாதச் சராசரி எவ்வளவு? பூஜ்யம்.

இதை ஏ.இ.யிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். "பூஜ்யம் ரூபாய் கட்டறேன்னு வந்து நிக்கறீங்களா?" என்றார். ஆமாம் சார், பூஜ்யத்தை ஆட்சேபத்தோடு கட்டுகிறோம், ஒப்புகை கொடுங்கள் என்றேன். நகலை வாங்கி இரண்டு தடவை படித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். இந்தப் பிரிவைச் சொல்லிக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் அதுவரை யாரும் வந்து நின்றதில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே லைன்மேன் வந்து பீஸ் கட்டையை மாட்டிவிட்டுப் போனார். பேத்திக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருந்தது. பில் திருத்தப்பட மேலும் மூன்று வாரம் ஆயிற்று. திருத்தியதாக ஒரு வரிக் கடிதம்கூட வரவில்லை. திரையில் எண் மாறியிருந்தது. நடுவில் மறு இணைப்புக் கட்டணம் வேறு கேட்டார்கள். அதையும் கட்டவில்லை.

ஒரு இலக்கம் பிசகியது வெளிப்படையான கேஸ், கண்ணுக்குத் தெரிந்தது, பிடித்துவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத கேஸ்கள்தான் அதிகம். கட்டண அடுக்கு இருக்கிறதே, அது ஒரு படிக்கட்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை வைத்துச் சொல்கிறேன் (2024 ஜூலையில் மறுபடி ஏற்றினார்கள், ஆனால் படிக்கட்டின் அமைப்பு அதேதான்). ஐந்நூறு யூனிட்டுக்குள் இருந்தால் 101-இலிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.25 என்ற படியே கிடையாது; 101-இலிருந்தே 4.50. அதற்கு மேல் 8, 9, 10, 11 என்று ஏறிக்கொண்டே போகும். போட்டுப் பாருங்கள். சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958 ரூபாய். அந்த ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஊரில் எந்த வட்டிக்காரனும் இப்படி ஒரு கணக்கைத் துணிந்து போடமாட்டான்.

இனி, ரீடிங் எடுக்க வருகிறவர் ஐந்து நாள் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு யூனிட் செலவாகும் வீடு. அறுபதாம் நாள் வந்திருந்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். அறுபத்தைந்தாம் நாள் வந்தால் 520 யூனிட், 2,110 ரூபாய். ஐந்து நாளுக்கு 505 ரூபாய் கூடுதல். வீட்டுக்காரர் ஒரு விளக்குகூட அதிகமாக எரிக்கவில்லை. நாட்காட்டி மட்டும்தான் ஓடியது. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்காமல் விட்டு, பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது மாநிலம் முழுக்க எழுந்த கூச்சல் இந்தப் படிக்கட்டைப் பற்றியதுதான். உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் அங்கே மனு தள்ளுபடியானது. ஆகவே ரீடிங் எடுத்த தேதியைப் பாருங்கள். முந்தைய தேதியையும் பாருங்கள். நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். யூனிட்டைப் பார்க்கிறவர்கள் உண்டு, நாளை எண்ணுகிறவர்கள் அநேகமாக இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஒரே மீட்டரில் நான்கு குடும்பம். பட்டா இல்லாத புறம்போக்கில் வீடு, அதனால் இணைப்புக் கொடுக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள். நகரத்து லைன் வீடுகளிலும் இதே கதை. ஒரு குடும்பத்துக்கு 150 யூனிட் என்று வையுங்கள். நான்கு தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 112 ரூபாய் 50 காசு, மொத்தம் 450 ரூபாய். ஒரே மீட்டரில் 600 யூனிட்டாகப் பதிவானால் 2,750 ரூபாய். அதே கரண்டு. அதே நான்கு குடும்பம். பட்டா இல்லாததற்கான அபராதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2,300 ரூபாய். 'உங்களுக்குத்தான் எல்லாம் ஃப்ரீயாச்சே' என்கிறவர்கள் இந்த 2,300-ஐ எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? நூறு யூனிட் இலவசம் மீட்டருக்குத்தான், மனிதருக்கு இல்லை. மீட்டர் கிடைக்காதவருக்கு இலவசமும் கிடையாது.

அந்த மீட்டர்கூடக் கொடுக்கமுடியாத பொருள் இல்லை. அதே மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, இடத்தின் 'உரிமையாளரோ குடியிருப்பவரோ' விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. குடியிருப்பவர் என்ற அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் சொந்தக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கமுடியாது, அது அடிப்படை வசதி என்று 2022 மே மாதம் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நம் தோழர்களில் பலருக்கு மின்சாரம் என்றால் பாபாசாகேப் நினைவுக்கு வருவதில்லை. வர வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரம் அம்பேத்கரின் பொறுப்பில்தான் இருந்தது. 1943 அக்டோபரில், போருக்குப் பின் மின்சாரத்தை எப்படி வளர்ப்பது என்று ஆராயக் கூடிய கொள்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பேசினார். தட்டுப்பாடில்லாத, மலிவான, போதுமான மின்சாரம் வேண்டும், அதை லாபத்துக்காக நடத்துகிறவர்களிடம் விட்டுவிடலாமா என்பதுதான் அன்று அவர் முன்வைத்த விவாதம். தொழில்மயமாகாமல் நிலத்தையே நம்பிக் கிடக்கிற மக்களுக்கு வறுமையிலிருந்து விடிவில்லை, தொழிலுக்கு மின்சாரம் வேண்டும் என்பது அவர் வாதம். 1944-ல் மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் உருவானது அந்த முயற்சியில்தான். பிறகு 1948-ல் மின் வழங்கல் சட்டம் வந்தது, மாநில வாரியங்கள் வந்தன. 2003-ல் புதுச் சட்டம் வந்து அந்தப் பழைய சட்டத்தை ரத்து செய்தது. தனியார் கம்பெனிக்குக் கதவைத் திறந்த சட்டம் என்று அதை நாம் எதிர்த்தோம், இப்போதும் எதிர்க்கிறோம். ஆனாலும் அதற்குள்ளேயே இருக்கிற 43-உம் 56-உம் நம் கைக்குக் கிடைத்த கருவிகள். எதிர்ப்பது ஒரு வேலை, கையில் இருப்பதைப் பயன்படுத்துவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்யலாம்.

இலவசம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-லும் 1972-லும் கோவைப் பகுதி விவசாயிகள் யூனிட்டுக்குப் பைசா கணக்கில் ஏறிய கட்டணத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நகரத்தை மறித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமாயிற்று. போராடி வாங்கினார்கள், அதில் நமக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் நிலம் இருந்தால்தான் கிணறு, கிணறு இருந்தால்தான் மோட்டார், மோட்டார் இருந்தால்தான் அந்த இலவசம். பெரும்பாலான பம்ப்செட்டுகளுக்கு மீட்டரே கிடையாது. எவ்வளவு ஓடுகிறது என்று யாரும் அளப்பதில்லை. அந்த வயலில் நாற்று நடப் போகிற பெரியம்மாவின் வீட்டிலோ ஒவ்வொரு யூனிட்டுக்கும் மீட்டர் துடிக்கிறது. அளக்கப்படாத இலவசத்தை யாரும் இலவசம் என்று கேலி செய்வதில்லை. அளந்து கொடுக்கிற நூறு யூனிட்டுக்குத்தான் கவுன்டர் வரிசையில் சிரிப்பு.

ஒரு எச்சரிக்கை. கோபத்தை ரீடிங் எடுக்க வருகிற தம்பியின் மேல் காட்டாதீர்கள். அன்று தப்பாகப் பதிந்தவர் தன் ஏரியாவோடு இன்னும் இரண்டு ஏரியாவைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். காலியிடங்களை நிரப்பாமல் இருப்பவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. மழைக்காலத்தில் கையுறைகூட இல்லாமல் கம்பத்தில் ஏறுகிற ஒப்பந்தத் தொழிலாளிகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் காலனியிலேயே எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் நம்மோடு நிற்க வேண்டியவர்கள்.

வேலைக்கு வருவோம். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக மீட்டரைப் படியுங்கள். வீட்டு எண், இணைப்பு எண், ரீடிங், தேதி. இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை. பில் வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தும் பில் அதிகமாக இருந்தால் மீட்டரையும் ஒயரிங்கையும் சோதிக்க வேண்டும். இது ஒன்றும் இன்ஜினியர் வேலை இல்லை. எல்லா சுவிட்சையும் அணைத்து, மெயினை மட்டும் போட்டு வையுங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு துடித்தால் வீட்டுக்குள் எங்கோ கசிகிறது. பழைய ஒயர், ஈரச் சுவர், எர்த் ஆகிக்கொண்டிருக்கும். இது பில்லோடு போகிற விஷயம் இல்லை, உயிர் போகிற விஷயம், முதலில் அதைப் பாருங்கள். மெயினையும் அணைத்த பிறகும் துடித்தால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ ஒயர் கொடுத்திருக்கிறார்கள், அல்லது மீட்டரிலேயே கோளாறு. மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பை மட்டும் எரியவிட்டுக் கால் மணி நேரம் எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால் கால் மணி நேரத்தில் 80 துடிப்பு வர வேண்டும். நூறோ நூற்றுப்பத்தோ வந்தால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் கூடுதலாக இன்னொரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கவுன்டரில் யாரும் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

மனுவை வாயால் கொடுக்காதீர்கள். இரண்டு பிரதி எழுதுங்கள், ஒன்றில் ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அங்கேயே சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் தபாலாபீஸ் போய் ஒப்புகை வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மறுத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பதில் வராவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இருக்கிற நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுதலாம். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் இருக்கும் மின் குறைதீர்ப்பாளர். இந்த இரண்டு இடத்துக்கும் வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய பாக்கி என்று திடீரென்று ஒரு தொகையைத் தூக்கிப் போட்டால், அது இடையில் தொடர்ந்து பில்களில் பாக்கியாகக் காட்டப்பட்டு வந்ததா என்று கேளுங்கள். காட்டப்படவில்லை என்றால் வசூலிக்க முடியாது. அதுவும் அதே 56-ஆவது பிரிவில் இரண்டாவது உட்பிரிவாக இருக்கிறது.

இறந்துபோனவர்கள் பெயரில் இருக்கும் இணைப்புகளையும் மாற்றிவிடுங்கள். 2022 கடைசியில் ஆதாரை இணைக்கச் சொன்னபோது பல வீடுகளில் அவசரத்துக்கு யாரோ ஒருவரின் எண்ணைக் கொடுத்து வைத்தார்கள். இப்போது எந்தப் போனுக்குச் செய்தி போகிறது என்றே தெரியாமல் இருக்கிறார்கள். பெரியம்மா வீட்டு இணைப்பு அவர் பெயருக்கு மாறிவிட்டது. நம்பரும் மாறிவிட்டது, பதினோராம் வகுப்புக்குப் போன பேத்தியின் நம்பர் அது. அவள் தெருவில் முப்பத்திரண்டு வீட்டு ரீடிங்கை ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதில் இரண்டு வீட்டுப் பில் பொருந்தவில்லை. அந்த இரண்டு மனுவும் பதிவுத் தபாலில் போயிருக்கின்றன.

56-ஆவது பிரிவின்படி ஆட்சேபத்தோடு பணம் கட்டுவதற்கான மனுவின் மாதிரியை இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். பெயரும் இணைப்பு எண்ணும் தொகையும் எழுத இடம் விட்டிருக்கிறது. கிழித்து எடுத்துக்கொள்ளலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.